‘தெரியுது’ என்று சொன்ன பிறகு

ரேடார் திரையைப் பார்த்து விமானங்களை இறக்கிவிடும் அந்த அறையில் அவளுக்கு ‘எங்கேக்கா’ என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எல்லாம் அவள் வாயால் வந்த வினை. வெளியே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். வானம் தெளிந்த நாளில் இரண்டிலும் ஒரே நேரத்தில் விமானம் இறங்கும். “பக்கத்து விமானம் தெரியுதா?” என்று விமானியைக் கேட்க வேண்டும். “தெரியுது” என்று அவர் சொல்லிவிட்டால், அதன்பின் இடைவெளி காப்பது அவர் பாடு. மற்றவர்கள் அத்தோடு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவள் விடமாட்டாள். “எங்கே தெரியுது?” என்பாள்.

வீட்டிலும் அதே கதைதான். சாலையைக் கடக்கும்போது “வண்டியைப் பார்த்துட்டேன்மா” என்று மகள் சொன்னால், “எந்த வண்டியை?” என்பாள். “உன்கூட ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்” என்று மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். பார்த்துவிட்டேன் என்று சொல்பவர் எதைப் பார்த்தார் என்று தெரியாமல் அவள் அடுத்த அடி எடுத்து வைக்கமாட்டாள்.

மேற்பார்வையாளருக்கு இது பிடிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை, காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர் மாதிரி எப்போதும் அவசரம். “உங்க கேள்வியால வரிசை பூரா தேங்குதும்மா. இன்னொரு தடவை கேட்டீங்கன்னா மைக்கை வாங்கிட்டு வேற வேலைக்கு அனுப்பிடுவேன்” என்று காலையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மத்தியானம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே வந்து நின்றார்.

அப்போது வலது ஓடுபாதையை நோக்கி ஒரு பெரிய விமானம் ஆட்களை நிறைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. இடது ஓடுபாதைக்கு ஒரு சிறிய விமானம் திரும்ப வேண்டும்.

“வலது பாதைக்குப் போற விமானம் தெரியுதா?” என்று சிறிய விமானத்தைக் கேட்டாள்.

“தெரியுது.”

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நாக்கு நுனிவரை வந்த கேள்வியை விழுங்கினாள். “சரி, அதைப் பார்த்துக்கிட்டே இறங்குங்க” என்றாள்.

திரையில் சிறிய புள்ளி திரும்பியது. தன் பாதைக்கான கோட்டைத் தொட்டது. அங்கே நேராகியிருக்க வேண்டும்; தாண்டியது. காற்று தள்ளியிருக்கும், இது வழக்கம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புள்ளி இன்னும் வலப்பக்கம் நகர்ந்தது. முதுகுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் செருமினார். இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை.

“எங்கே தெரியுது?”

“எனக்கு நேர் முன்னாடி. இறங்கப்போகுது.”

அது அவருக்கு முன்பே இடது பாதைக்கு அனுப்பப்பட்ட வேறொரு விமானம். அவள் கேட்ட பெரிய விமானமோ அவருடைய வலப்பக்கத்தில், அவர் நெருங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் இருந்தது.

“இடது பக்கம் திரும்புங்க, உடனே. மேலே ஏறுங்க.”

இரண்டு புள்ளிகளும் ஒட்டிக்கொள்ளப் போவதுபோல் இருந்தன. பிறகு சிறிய புள்ளி மெல்ல இடப்பக்கம் விலகியது.

“இப்பதான் பார்க்கிறேன்” என்றார் விமானி.

மேற்பார்வையாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நல்ல வேளை, கேட்டீங்கம்மா” என்றார்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அதை மேசைமேல் வைத்தாள்.

“கேட்க வேண்டாம்னுதான் சார் உட்கார்ந்திருந்தேன். புள்ளி கோட்டைத் தாண்டினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பக்கூட உங்களுக்குத்தான் பயந்தேன்.”