ஜூரக்கான் அக்காவின் தேரைகள்

எங்கள் உயிரியல் துறையில் ஜூரக்கான் அக்காவைப்போல் ஒரு சந்தேகப் பிராணியைப் பார்க்க முடியாது. வகுப்புக்குப் போகும்போது தேநீர்க் கெண்டியைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவாள். அதே அறையில் எதிர் மேசையில் பதினோரு வருடம் காட்டு வெங்காயத்தை ஆராய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்த எனக்கே சாவி எங்கே என்று தெரியாது. துறைத்தலைவர் மாமத்கெரிம் நலம் விசாரித்தால், எதற்கு விசாரித்தார் என்று மதியம்வரை யோசிப்பாள்.

தேரைகளிடம் மட்டும் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. பத்தொன்பது வசந்தங்களாகக் கணவாய்க்குக் கீழே உள்ள சதுப்புக்குப் போய், அவை இட்ட முட்டைச்சரங்களை எண்ணிக் குறித்து வந்தாள். கால் எலும்பு முறிந்த வருடம் குதிரைமேல் போனாள். நடுவில் ஒரு வருடம் விட்டுப்போனால் அத்தனை வருட உழைப்பும் பாழ்.

அந்தப் பிப்ரவரியில் நிர்வாகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஆசிரியர்களின் ஆய்வு ஆர்வங்களை இணையதளத்தில் போடுவார்களாம். எங்கள் கிர்கிஸ் மொழியில் ஆர்வத்துக்கும் ஆதாயத்துக்கும் ஒரே சொல்தான். படிவத்தைத் தட்டச்சு செய்த புண்ணியவான் ‘ஆய்வு’ என்பதை விட்டுவிட்டார். மற்றவர்கள் சிரித்துவிட்டு பூஞ்சை, மீன், பாசி என்று எழுதிக் கொடுத்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“ஏன்டி புருல், நமக்கு இங்க என்ன ஆதாயம்னு இவங்க எதுக்குத் திடீர்னு கேக்கறாங்க?”

“தேரைன்னு எழுதிக் குடுங்கக்கா. அவ்வளவுதான் விஷயம்.”

“நாளைக்கே, தேரைய வச்சு என்ன சம்பாதிச்சேன்னு கூப்பிட்டு விசாரிப்பான். அப்ப நீயா வந்து பதில் சொல்லுவே?”

பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘எனக்கு எதிலும் எந்த ஆர்வமும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.’ கீழே முழுக் கையெழுத்து.

ஏப்ரல் பயணத்துக்கு வண்டி ஒதுக்க அந்தப் படிவங்களைத்தான் எடுத்து வைத்தார்கள். ஆர்வமே இல்லை என்று கையெழுத்துப் போட்டவளுக்கு வண்டி எதற்கு என்றார் மாமத்கெரிம். அவர் சொன்னதில் தப்பில்லை. படிவத்தை மாற்றிக் கொடுக்கும்படி அக்காவிடம் கெஞ்சினேன். மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள் என்று மறுத்துவிட்டாள். வேறு வழி தெரியாமல் என் படிவத்தில் வெங்காயத்துக்குக் கீழே ‘தேரை’ என்று சேர்த்தேன். அந்த வருட எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாது என்பதைத் தவிர என் மனதில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு இல்லை.

தாழ்வாரத்தில் ஒட்டிய பட்டியலில் என் பெயருக்கு நேரே தேரையைப் பார்த்தாள் அக்கா. திரும்பி என்னைப் பார்த்தாள்.

“பதினோரு வருஷம் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கே,” என்றாள்.

நான் எவ்வளவோ சொன்னேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஆனாலும் தேரைகள் காத்திருக்காதே. என் உதவியாளர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள். மூன்று நாள் முழங்கால் சேற்றில் அவள்தான் நின்றாள். என்னைக் கரையில் உட்காரவைத்தாள். கிளம்பும்போது எல்லா வருட எண்களையும் ஒரு தாளில் எழுதி நீட்டினாள். அறிக்கை போகாவிட்டால் அடுத்த வருடம் வண்டி வராது என்பது அவளுக்கும் தெரியும்.

ஜூன் மாதக் கூட்டத்தில் அறிக்கையை நான் படித்தேன். தலைநகரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் அசந்துபோய், இது எத்தனை வருட வேலை என்று கேட்டார்.

“இருபது வருஷம்,” என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது. கைதட்டல் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்ததும், நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.