கண்ணை மூடித் தேடியவர்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஆற்றில் யாராவது முழுகிப் போனால் முதலில் போலீசுக்குப் போன் போகும், அடுத்தது ஜெக்கரியாவுக்கு. சில சமயம் வரிசை மாறியும் போகும். கடைத்தெருவில் பஞ்சர் கடை வைத்திருக்கிற மனிதர். பாதி ஒட்டிய டியூபைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பஞ்சருக்கு வந்தவன் வாய்க்குள் முணுமுணுத்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மூச்சடக்குவதில் அவரை அடித்துக்கொள்ள அந்தப் பக்கம் ஆள் கிடையாது. பிஸ்மில்லா சொல்லி இறங்கினால், கரையில் நிற்பவர்கள் 'பாயும் போயிட்டாரா' என்று ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்கிறவரைக்கும் மேலே வர மாட்டார். இறங்கும்போதே கண்ணை இறுக மூடிக்கொள்வார். புதுத்தண்ணீர் வரும் நாளில் கண்ணைத் திறந்தாலும் செங்கலங்கல் தவிர ஒன்றும் தெரியாது என்பது அதற்கு அவர் வெளியில் சொல்கிற காரணம். சொல்லாத காரணம் வேறு. தண்ணீருக்குள் கைதான் அவருக்குக் கண். கைக்குத் தலைமுடி தெரியும், சட்டைக் காலர் தெரியும், முகம் தெரியாது. முகம் தெரியாததால்தான் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அவரால் சோறு சாப்பிட முடிந்தது.

அப்படிப்பட்டவரைப் போன ஆடி மாதம் ஒரு மதகு உலுக்கிவிட்டது. துணி துவைக்கப் போன சின்னப் பெண்ணைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய் மதகுக்கு அடியில் சொருகிவிட்டிருந்தது. ஜெக்கரியாவின் விரல் நுனிக்குப் பாவாடையின் ஓரம் தட்டுப்பட்டது. அதைப் பிடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது. எத்தனை முறை இறங்கியும் அதற்கு மேல் ஒரு முழம் போக முடியவில்லை. மேலே அணையில் தண்ணீரை நிறுத்தி ஆறு வடிகிறவரைக்கும் அந்தப் பெண்ணின் தாய் கரையை விட்டு நகரவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"உங்களால ஆனத நீங்க செஞ்சீங்க" என்றாள் அவர் மனைவி நஃபீசா.

"ஒரு முழம்தான், புள்ள. ஒரே ஒரு முழம்."

அதனால்தான், கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த மீட்புக் குழுவுக்கு யாரோ தண்ணீருக்கடியில் மூச்சு விடுகிற சிலிண்டரும், கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கும் வாங்கிக் கொடுத்து, தஞ்சாவூர் நீச்சல் குளத்தில் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தபோது, முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். இனிமேல் எந்தத் தாயும் கரையில் அப்படி உட்காரக் கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பயிற்சி கொடுக்க வந்த ஷோபனா அந்தமானில் முக்குளிக்கிற வேலை பார்த்தவள், அவரைவிடப் பல வயது இளையவள். மற்றதெல்லாம் அவருக்குச் சுலபமாகத்தான் வந்தது. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவதில்தான் மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணுமே இல்ல பாய். தலையை லேசா மேல தூக்குங்க. மாஸ்க்கோட மேல் விளிம்ப நெத்தியோட அழுத்திப் பிடிங்க. மூக்கால மெதுவா காத்தை விடுங்க. காத்து நெறய நெறய, தண்ணி கீழ்ப்பக்கமா தானா போயிடும். மூச்சை மட்டும் அடக்கவே கூடாது."

மூச்சை அடக்கியே பேர் வாங்கின மனிதரிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? பழகுவதற்காகத் தண்ணீரை உள்ளே விட மாஸ்க்கின் விளிம்பைத் தூக்கியதுமே கண் இறுக மூடிக்கொண்டது. மூச்சு நின்றது. விட முயன்றபோது மூக்கு விடுவதற்குப் பதிலாக உறிஞ்சியது. மார்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று, கண்ணும் மூக்கும் ஒழுக இருமித் தீர்த்தார். மறுபடியும் இறங்கினார். மறுபடியும் அதேதான். போன வருஷம்தான் நீச்சலே கற்றுக்கொண்ட அரிசிக் கடைப் பரணிதரன் முதல் தடவையிலேயே செய்து முடித்துவிட்டுக் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான்.

"விடத்தானே பாய் சொன்னேன்? ஏன் உறிஞ்சுறீங்க?"

"நான் எங்கம்மா உறிஞ்சறேன்? அதுவா உறிஞ்சுது."

"கண்ணையும் தொறக்க மாட்டேங்கறீங்க. இது வராம நான் சிலிண்டர் மாட்டி உங்கள ஆத்துல எறக்க மாட்டேன். உங்களத் தேட அப்புறம் யார அனுப்புறது?"

அவள் சொன்னதில் தப்பில்லை என்பது தெரிந்ததால் அவருக்குக் கோபம் இன்னும் கூடியது. வீட்டில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்து, அதில் முகத்தை முக்கிப் பழகிப் பார்த்தார். "குடிக்கிற தண்ணி வாளிங்க அது!" என்று நஃபீசா பிடுங்கிக்கொண்டு போனாள். இந்தச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இவர் அடியில் போகாமல் இருந்தாலே நல்லது என்ற நினைப்பு அவளுக்கு. வெளியில் சொல்லவில்லை. ஆனால் வாளியை ஒளித்துவைத்துவிட்டாள்.

முடிச்சு அவிழ்ந்தது பள்ளிவாசலில். மாலை அஸர் தொழுகைக்கு முன் ஹவுள் தொட்டியின் கரையில் உட்கார்ந்து, கை முகம் கால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தார். கை கழுவி, வாய் கொப்பளித்து, வலது கையில் தண்ணீரை ஏந்தி மூக்கால் உறிஞ்சி, இடது கையால் சிந்தினார். இரண்டாம் முறை உறிஞ்சப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். விவரம் தெரிந்த நாளிலிருந்து நாளுக்கு ஐந்து வேளை செய்கிற காரியம். மூக்கில் தண்ணீர் பட்டால் முதலில் உறிஞ்சு, பிறகுதான் சிந்து என்று மூக்கைப் பழக்கி வைத்தவரே அவர்தான். குளத்திலும் அது முறைப்படி முதலில் உறிஞ்சிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகிறது. பாவம், அதைத் திட்டி என்ன பிரயோஜனம்? பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஜெக்கரியா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

அடுத்த முறை குளத்தில், மாஸ்க்கைத் தூக்குவதற்கு முன்பே மூக்கால் காற்றை விட ஆரம்பித்தார். உறிஞ்ச இடமே கொடுக்கவில்லை. தண்ணீர் புகுந்தது, குமிழ்கள் காதோரம் ஓடின, கன்னத்தில் இருந்த குளிர்ச்சி இறங்கியது. கண்ணைத் திறந்தார். நீலத் தரை துல்லியமாகத் தெரிந்தது. எதிரே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து 'சரி' என்று காட்டிய ஷோபனாவும் தெரிந்தாள். அன்றைக்கு எல்லாருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார். தண்ணீருக்குள் இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஆற்றில் இறங்கினால் முகமும் இப்படித்தான் தெரியும்.

சித்திரையில் கொள்ளிடம் வற்றி, பள்ளங்களில் மட்டும் தண்ணீர் நின்றிருந்தது. பக்கத்து ஊர்க் கலைமகளின் ஒரே மகன் ராம்கி, கல்லூரியில் படிக்கிறவன், கூட்டாளிகளோடு அங்கே குளிக்கப் போனான். கூட்டாளிகள் மட்டும் திரும்பினார்கள். ஜெக்கரியா சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

ஓடாத தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. பள்ளத்தின் ஆழத்தில் ஒரு கருவேலக் கிளை தட்டி மாஸ்க் நகர்ந்து, தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே ஏறியது. பழைய ஜெக்கரியாவாக இருந்தால் மேலே பாய்ந்திருப்பார். இவர் பதறவில்லை. தலையைத் தூக்கி, விளிம்பை அழுத்தி, மூக்கால் காற்றை விட்டார். பாடம் படித்த மாதிரியே தண்ணீர் வடிந்தது. கண்ணைத் திறந்தார்.

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பையன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு கண்ணும் திறந்திருந்தன. வாயும் திறந்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராத ஆளின் முகம். இரண்டு கை நிறைய மணல். ஜெக்கரியாவுக்கு அலற வேண்டும்போல இருந்தது, வாயில் குழாய் இருந்தது. விரலால் அவன் இமைகளை இழுத்து மூடினார். அவை மூடியும் மூடாமலும் நின்றன. அவன் கைகளை விரித்து மணலைத் தட்டிவிட்டார். பிறகுதான் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்.

வெயில் சாய்வதற்குள் பிள்ளை தாயிடம் வந்துவிட்டான். அவர் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. கலைமகள் அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருந்தான் பாய்? ரொம்பத் தவிச்சிருப்பானா?"

இந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை. கேட்ட எல்லாரிடமும் "நான் பாக்கலம்மா" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையாகவே இருந்தது. இப்போது அந்த உண்மையும் கையை விட்டுப் போய்விட்டது.

"இல்லம்மா. கண்ண மூடி, தூங்குற மாதிரிதான் இருந்தான்."

அதற்குப் பிறகு அவர் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் அந்தக் கண் திறக்கிறது. நஃபீசா கேட்டாலும் சொல்வதில்லை. கலைமகள் கடைத்தெருவுக்கு வரும்போதெல்லாம் பஞ்சர் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். "சொல்லுங்க பாய்" என்பாள். அவரும் டியூபைத் தொட்டியில் முக்கியபடி, அவளைப் பார்க்காமல், அதையே சொல்வார். அவள் கேட்டுவிட்டு எழுந்து போவாள்.

ஒருநாள் அவர் சொல்லி முடித்தும் அவள் எழவில்லை.

"ஒண்ணு சொல்லட்டா பாய்? அவன் கண்ண மூடித் தூங்கி நான் பாத்ததே இல்ல. கைக்கொழந்தையிலேருந்து அப்படித்தான். பாதிக் கண்ணு தொறந்தே கெடக்கும். மொதத் தடவ பாக்குறவங்க பயந்துக்குவாங்க."

ஜெக்கரியாவின் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"வேணாம் பாய்" என்றாள் கலைமகள். "நீங்க எப்பவும் சொல்றதையே இன்னொரு தடவ சொல்லுங்க."

ஜெக்கரியா கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்து, அதையே சொன்னார்.