ஜெயபுரத்துக் கசெற் செட்

பழைய பாட்டுச் செட்டுகளைப் போட்டுக் கேட்டு, எது திறம், எது பிழை என்று யூடியூப்பில் சொல்லுகிறவன் நான். இருப்பது நெடுங்கேணியில். என் காதை நினைத்து எனக்குக் கொஞ்சம் திமிர்.

ஜெயபுரத்தில் ஒரு அக்காவிடம் மரப்பெட்டி ஸ்பீக்கரோடு ஒரு பழைய கசெற் செட் இருந்தது. வீடியோ எடுக்க ஒரு கிழமைக்குக் கேட்டேன், தந்தா. போட்டால் மெதுவாக ஓடியது. உள்ளே ரப்பர் பெல்ற் தொய்ந்திருந்தது. அவவைக் கேட்காமலே புதுசு போட்டு, வேகத்தைச் சரியாக்கி, பழையதை எறிந்துவிட்டேன்.

திருப்பிக் கொண்டுபோன அன்று, அவா அலுமாரியிலிருந்து ஒரு கசெற்றை எடுத்துப் போட்டா. சண்டையில் காணாமல் போன கணவர், மகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

"இது அவரில்லைத் தம்பி," என்றா. "அவர் ஆறுதலா, மெதுவாத்தான் கதைப்பார். குரலும் தடிப்பு."

"இதுதானக்கா அவற்ற உண்மையான குரல். முந்தி செட்தான் பிழையா ஓடினது."

"பதினைஞ்சு வருசமா நான் கேட்ட குரல் எனக்குத் தெரியாதே?"

மூடியைக் கழற்றி, வேகத்தை மாற்றுகிற திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன்.

"இப்ப?"

"இல்லை."

"இப்ப?"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடியே இருந்தா. பிறகு, "காணும் தம்பி, விடுங்கோ. தேத்தண்ணி ஆறுது," என்றா.

எந்தச் செட்டைக் கேட்டாலும் சரியான வேகம் எதுவென்று இன்றைக்கும் சொல்லுவேன். அந்தச் செட் எவ்வளவு பிழையாக ஓடியது என்பதை மட்டும் நான் அளந்து வைக்கவில்லை.