வெட்டாத முகத்துவாரம்

மார்கழி வெள்ளத்தில் அக்காவின் வயல் நாலு நாளாகத் தண்ணீருக்குள் கிடந்தது. வயல் வட்டை முழுக்க ஒரே குளம். விதைத்து ஒரு மாதமான பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை, எங்கள் பேச்சில் ஆத்துவாயை, மணல் மூடியிருந்தது. அந்தத் திட்டை வெட்டிவிட்டால் வாவி வடியும், வயலும் வடியும். வெட்டுவதா வேண்டாமா என்று அதிகாரிகளும் ஊராரும் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு நாள் போனால் பயிர் அழுகிவிடும். அது அக்காவின் சீதனக் காணி. பெண்சாதியின் காணியை அழிய விட்டவன் என்ற பேச்சு வந்துவிடுமோ என்று அத்தான் சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்தார்.

எனக்கு அப்போது புளியந்தீவுப் பட்டணத்தில் ஒரு கந்தோரில் எழுத்தர் வேலை. சனி ஞாயிறு வந்தால் வாடிக்குப் போய்விடுவேன். வாவிக்கும் கடலுக்கும் நடுவே, முகத்துவாரத்துக்குக் கிட்ட, தென்னங்கிடுகு வேய்ந்த ஒற்றை அறைக் குடில் அது. பறவை பார்ப்பது என் பைத்தியம். கூரை ஒழுகுகிறது, கிடுகு மாற்ற ஒரு கை வேண்டும் என்று அந்த முறை அத்தானைக் கூப்பிட்டேன். வந்தார். வந்தது கூரைக்காக இல்லை, தண்ணீரைப் பார்க்க.

சனிக்கிழமை முதல் கிடுகை இழுத்ததுமே உள்ளே ஒரு விரியன் சுருண்டு கிடந்தது. வெள்ளத்துக்குத் தப்பி ஏறியிருக்கும். அத்தான் தடியால் தூக்கி எறிந்தார். பிறகு ஒவ்வொரு கிடுகையும் தட்டித் தட்டித்தான் எடுத்தோம். மத்தியானம் பார்த்தால் நாங்கள் குளிக்கிற இடத்துக்கு எதிரே ஒரு முதலை. வழக்கமாக அது படுக்கிற திட்டு மூழ்கிவிட்டதால் இந்தப் பக்கம் வந்திருந்தது. பொழுது படும் வரை அசையவே இல்லை. குளிக்காமலே இருந்தோம்.

அத்தான் கரையில் ஒரு தடியை ஊன்றி, கத்தியால் வரி கீறி வைத்திருந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்க் குனிந்து பார்ப்பார்.

"ஒரு நூல் இறங்கின மாதிரி இல்லையா மச்சான்?"

"நூலும் இல்ல, கயிறும் இல்ல. கிடுக எடுத்துத் தாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை வெயில் எறித்தது. காற்றே இல்லை. வேய முகடு மட்டும் மிச்சம். நான் கூரைக்கு ஏறினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் திடீரென்று ஒரு சாண் ஏறி, தடியின் வரியை மூடியது. "முடிஞ்சுது மச்சான், இனி வயல் இல்ல" என்று அத்தான் கரையிலேயே குந்திவிட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. அக்கரையில் கூழைக்கடாக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதை நிம்மதியாகப் பார்க்க விடுகிறாரா மனிதர்?

பிறகு கீழேயிருந்து அவர் குரல் மாறி வந்தது. "மச்சான், தண்ணி இறங்குது. மேல நிண்டு பாரு, ஆத்துவாய் வெட்டிட்டாங்களா?"

பார்த்தேன். வாவி பாசியையும் இழுத்துக்கொண்டு முகத்துவாரப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் சேறு தெரிந்தது. வெட்டிவிட்ட நாளில் இப்படித்தான் ஓடும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் முகத்துவாரத்தை நான் பார்க்கவில்லை. தாழம் புதர் மறைத்திருந்தது. ஓர் ஆளையோ ஒரு மண்வெட்டியையோ நான் காணவில்லை.

"வெட்டிட்டாங்க அத்தான். போய்ப் பாத்திட்டு வாங்க" என்றேன். பாதி சந்தோஷம். மற்றப் பாதி, ஓர் அரை மணி நேரமாவது என்னை விட்டால் போதும் என்ற எண்ணம்.

நாலு நாளுக்குப் பிறகு அவர் சிரித்தார். "அக்காட வயல் தப்பிச்சுது. சேத்துக்க இறால் கிடக்கும், அவளுக்குக் கொஞ்சம் பொறுக்கிட்டு வாறன்." மீன் போடுகிற உமலைத் தோளில் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தார்.

கடல் வரப்போவது பறவைகளுக்கு முன்கூட்டியே தெரியும், பறந்துவிட்டன என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். பொய். கொக்குகள் கூட்டமாக வந்து அத்தானைச் சுற்றி மீன் கொத்தின. அவையும் எங்களைப்போலவே ஏமாந்தன.

கடல் பக்கம் இரைச்சல் கேட்டது. சுட வரும் ஹெலி என்று நினைத்தேன். சண்டை ஓய்ந்திருந்த காலம்தான், ஆனாலும் உடம்பு மறக்கவில்லை. கூரையோடு கூரையாகக் குப்புறப் படுத்து வளை மரத்தைக் கட்டிப்பிடித்தேன். அந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. கடல் எழும்பி வந்து வாடியைப் பிடுங்கியது; சுனாமி என்ற சொல்லைப் பிறகுதான் கேட்டோம். கூரை என்னோடு மிதந்து அக்கரைக் கண்டல் மரங்களில் போய்ச் சிக்கியது.

அத்தானை மூன்றாம் நாள் எடுத்தார்கள். உமல் தோளிலேயே இருந்தது.

அன்று முகத்துவாரத்தை யாரும் வெட்டவில்லை; முதலில் ஏறிய கடலே திட்டை உடைத்துத் தண்ணீரை இழுத்திருந்தது, பிறகு வந்தது அதை அகலமாகப் பிளந்துவிட்டிருந்தது. உப்புத் தண்ணீர் எட்டாத தூரத்தில் இருந்த அக்காவின் வயல் இரண்டே நாளில் வடிந்தது. அந்தப் போகம் நன்றாக விளைந்தது. அக்கா அழுதுகொண்டே வரம்பில் நின்று கதிர் வெட்டுவித்தாள்.

சண்டை முடிந்த வருஷத்து மாரியில், ஒரு மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆத்துவாய் வெட்டியாச்சு என்று தெருவில் ஒருவர் சைக்கிளில் சொல்லிக்கொண்டு போனார். அக்காவின் கை சோற்றுப் பானையில் நின்றது.

"அண்டைக்கும் ஆரோ இப்பிடித்தான் அவருக்கிட்டச் சொல்லியிருக்கணும் தம்பி. ஆரும் சொல்லாம இறங்கிற மனுசன் இல்ல அவரு. நீ கூரையில நிண்டாய், ஆரெண்டு காணல்லையா?"

"இல்லக்கா."

"சொன்னவனையும் கடல் கொண்டு போயிருக்குமோ?"

ஐந்து வருஷமாகச் சொல்ல நினைத்தது வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஓம். கொண்டு போயிருக்கும்" என்றேன்.

"பாவம், ஆர் பெத்த பிள்ளையோ" என்று அக்கா என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன்.