புழு கலைத்த சாட்சி

கோகிலன் ஆலைக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தப்பான சேற்றைக் காட்டிவிட்டான் என்று ஆயர் ஈத்தாம் ஊர்ச் சந்தையில் பேச்சு. காசு வாங்கியவனின் மோட்டார் சைக்கிளைப் போய்ப் பார்த்தால் பின்சக்கர டயர் தேய்ந்து உள்கம்பி தெரிகிறது. ஒருவேளை அடக்கமாகச் செலவழிக்கிறானோ என்னவோ. ஆனால் பேச்சில் பாதி உண்மை. தப்பான சேற்றைக் காட்டியது அவன்தான்.

கோகிலனுக்குப் பிழைப்பு புழு. ஃபெர்ரியில் அக்கரை போய், கடல் வற்றும்போது சேற்றில் புழு தோண்டி, தூண்டில்காரர்களுக்கு விற்பான். அதே சேற்றில் கெராங் சிப்பி வளர்த்தவர் ஹைதர். போன வருடம் சிப்பி மொத்தமும் வாய் பிளந்து செத்தது. ஹைதரும் படுத்தவர் எழவில்லை. ஆலைக் கழிவுதான் காரணம் என்று புகார் கொடுத்தாள் அவர் மனைவி நூர் பீவி. இந்த நஞ்சு நாங்கள் வருவதற்கு முன்பே மண்ணில் கிடந்தது என்றது ஆலை. மண் வந்து சாட்சி சொல்லாது என்ற தைரியம்.

சொல்லும் என்றாள் அதிரா. பல்கலைக்கழகத்தில் கடலடி மண்ணை ஆராய்கிறவள். குழாயைச் சேற்றில் இறக்கி எடுத்தால் வருடவாரியாக அடுக்குத் தெரியும். நஞ்சு எந்த அடுக்கில் தொடங்குகிறது என்று பார்த்துவிடலாம். விசாரணைக்கு முன் ஒரே ஒரு நாள்தான் கடல் அவ்வளவு வற்றும். படகு சேற்றில் ஏறாது. அதிரா படகில் நிற்க, குழாயோடு இறங்கியவன் கோகிலன்.

"நல்ல சேறா பாத்து குத்துங்க அண்ணே!"

நல்ல சேறு எது என்று அவனுக்கா தெரியாது? மனைவி குமுதாவுக்குக்கூடச் சொல்லாத இடத்தில் குத்தினான். மிதித்தால் மெத்தென்றிருக்கும், எங்கு பார்த்தாலும் புழுத்துளை. அதற்கு முன்னால் நாறிக் கிடந்த கறுப்புச் சேற்றை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனான். புழுகூடத் தங்காத மண்.

ஆய்வகத்தில் குழாயைப் பிளந்தார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம்.

"குவே லாப்பிஸ் பலகாரம் மாதிரி அடுக்கடுக்கா வரும்னு சொன்னீங்களே, டாக்டர்?"

"ஐம்பது கோடி வருஷத்துக்கும் முந்தி கடலடி அப்படித்தான் இருந்துச்சு அண்ணே. மேல பாசி தோல் மாதிரி மூடியிருக்கும், கீழ எதுவும் அசையாது. அப்புறம்தான் புழு மாதிரி பிராணிங்க துளைச்சுக் கீழ போக ஆரம்பிச்சுது. மண்ணு புரண்டுச்சு, காத்து உள்ள போச்சு, அடியிலயும் உசுரு குடியேறுச்சு. எல்லாம் நல்லதுதான். ஆனா அடுக்கு போச்சு."

"இதுல?"

"உங்க புழுங்க நல்லா வேல செஞ்சிருக்கு. நஞ்சு அடி வரைக்கும் இருக்கு. எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப அந்த நாத்தம் பிடிச்ச செத்த மண்ணு?"

"அதுல கலைக்க ஆள் இல்ல. அதுதான் வேணும்."

விசாரணையில் ஆலை வக்கீல் அவள் அறிக்கையையே எடுத்துப் படித்தார். நஞ்சு அடிவரை இருக்கிறதாம், ஆகவே ஆதியிலிருந்தே இருக்கிறதாம். புழுக்கள் இலவசமாகச் செய்த வேலைக்கு அவர் கட்டணம் வாங்கிக்கொண்டார். புகார் தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கு என்று மறுபடி குழாயோடு போனபோது, செத்த சேற்றின் மேல் லாரி லாரியாக மணல் கொட்டி மேடாக்கியிருந்தார்கள்.

"பரவால்ல தம்பி, நீங்க என்னா செய்வீங்க லா" என்றாள் நூர் பீவி. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான் கோகிலன்.

குழாய் இறக்கிய அன்று அவள் சோறு கட்டிக் கொடுத்த தூக்குச்சட்டி இன்னும் கோகிலன் வீட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்த இரண்டு வீட்டிலும் இல்லை.

"என்னத்தப் போட்டுக் குடுக்கறது?" என்று குமுதா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.