குட்டி ஒண்ணும் பண்ணாது

கார் ஓட்டக் கற்றுத்தரும் அந்தப் பெண்மணிக்கு, அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் வைத்த பெயர் பிரேக்கக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி தாமதமாகத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கைக்காரரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வாத்தியாரம்மா உயிரோடு வீடு திரும்புவது அதை நம்பித்தான். பல வருஷமாக அந்த மிதியின் மேலேயே காலை வைத்திருந்த பழக்கம், கார் இல்லாத இடத்திலும் அவளை விடவில்லை. டி.வி.யில் யாராவது மாடி விளிம்புக்குப் போனால் தரையை ஓங்கி மிதிப்பாள். அடுப்பில் பால் பொங்கினால் கை போவதற்கு முன்னால் கால் போகும். சினிமாக் கொட்டகையில் ஒருமுறை முன் சீட்டுக்காரரின் நாற்காலியை உதைத்துவிட்டு, படம் முடியும்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொழிலில் அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. எந்த இடத்தில் பயந்தாயோ, அந்த இடத்தில் அன்றைக்கே திரும்ப ஓட்டிவிட வேண்டும். ரவுண்டானாவில் லாரியைப் பார்த்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அழுத ஒரு நர்ஸை, கண்ணைத் துடைக்கச் சொல்லி அதே ரவுண்டானாவை அப்போதே சுற்ற வைத்தவள் அவள். "இன்னைக்கு வீட்டுக்குப் போய் படுத்தா, பயமும் கூடவே வந்து படுக்கும். எழுப்பறது கஷ்டம். ம்... பிரேக்குல இருந்து காலை எடு. வண்டி போகும்," என்பாள். வண்டியும் போகும்.

இவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், கீழே பார்த்தால் தலை சுற்றும் குழிகளுக்குள் ஆயுசு பூராவும் வேலை பார்த்தவர். ஒரு கீறல் பட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதர் சமையலறையில் பல்ப் மாற்ற ஸ்டூலில் ஏறி, விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் பண்ணித் தகடு வைத்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "வீட்டுக்குள்ள சுத்தறது பத்தாது. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு தெருவுல நடக்கணும். இப்ப நடக்கலைன்னா அப்புறம் நினைச்சாலும் முடியாது, கால் இறுகிப் போயிடும்."

அவரும் நடந்தார். தெருமுனையில் அவருடைய சிநேகிதர் சைக்கிள் கடை வைத்திருந்தார். அங்கே போய் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வருவதுதான் இலக்கு. முதலில் மின்கம்பம் வரைக்கும், பிறகு மூன்றாம் வீட்டு வாசல் வரைக்கும், பிறகு பாதித் தெரு. அவர் முகத்தில் மறுபடியும் களை வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் குட்டி குறுக்கே வந்தது.

குட்டி என்பது பக்கத்து வீட்டு நாயின் பெயர். குட்டியாக இருந்தபோது வைத்தது. இப்போது அது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து, பின்னங்காலில் நின்றால் ஆள் மார்பு உயரம் இருந்தது. அதன் சொந்தக்காரர் ரிடையர்டு பேங்க் மேனேஜர். கதர்ச் சட்டை கசங்காத, குரல் உயராத, எதற்கும் சிரிக்கிற மனிதர். அவர் வீட்டு இரும்பு கேட் இரவும் பகலும் ஆவென்று திறந்தே கிடக்கும். "கட்டிப் போட்டா பாவம்ங்க, அதுக்கும் ஒரு சுதந்திரம் வேணாமா?" என்பார். நாயின் சுதந்திரம் தெருவில் மற்றவர்களுக்கு என்ன மிச்சம் வைத்தது என்று அவர் பார்த்ததில்லை. பால்காரர் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தார். எதிர்வீட்டுக்காரி, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் குப்பை கொட்டவே வெளியே வருவாள். பிரேக்கக்காவின் வாசலில் கழற்றி வைத்த செருப்பு எல்லாம் ஒற்றையாகவே இருக்கும், ஜோடியை மேனேஜர் தோட்டத்தில் போய்த் தேட வேண்டும். யார் போய் என்ன சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான், அதுவும் சிரித்த முகத்தோடு: "குட்டி ஒண்ணும் பண்ணாதுங்க. சும்மா விளையாடும்."

அன்று காலை பாதித் தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த மெக்கானிக்கின் மேல் அது விளையாடியது. பின்னாலிருந்து ஓடி வந்து, முன்னங்கால் இரண்டையும் தூக்கி அவர் முதுகில் போட்டது. வாக்கர் ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம். கடித்ததா என்றால் இல்லை. முகத்தை நக்கியது. நல்லவேளையாகத் தகடும் அசையவில்லை, எலும்பும் முறியவில்லை. ஆனால் அவருக்குள்ளே வேறு ஏதோ முறிந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர் தூக்கிக்கொண்டு வந்து விட்டார். மறுநாள் பிரேக்கக்கா வாக்கரை எடுத்து வைத்தபோது, "நாளைக்குப் பாத்துக்கலாமே," என்றார். அதற்கு மறுநாளும் நாளைக்கு. வாசற்படிக்கு உள்ளே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதோடு சரி. தெருவில் ஒரு குரைப்புச் சத்தம் கேட்டால் கை நாற்காலியின் பிடியை இறுக்கும். அத்தனை உயரத்தில் பயமறியாமல் தொங்கிய கை அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

அவர் விழுந்த அன்றைக்கே அவள் மேனேஜர் வீட்டுக்குப் போயிருந்தாள்.

"சார், உங்க நாயால என் வீட்டுக்காரர் விழுந்துட்டாரு. தயவுசெய்து கேட்டை மூடி வைங்க."

"கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தமா இருந்துச்சு," என்றார் மேனேஜர். சிரிப்பு மாறவில்லை. "ஆனா மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. குட்டி பாசத்துல தாவுச்சு. சார் பயந்துட்டாரு. பயந்ததாலதான் விழுந்தாரு. அவர் பயப்படாம நின்னிருந்தா குட்டி ஒண்ணும் பண்ணியிருக்காது."

பாருங்கள் நியாயத்தை! விழுந்தவர் மேல்தான் குற்றம். வாக்கர் பிடித்து நடக்கிறவர் கன்றுக்குட்டியை முதுகில் தாங்கிக்கொண்டு சிரித்தபடி நின்றிருக்க வேண்டுமாம். பிரேக்கக்காவுக்கு வந்த கோபத்தில் வாய் குழறிவிட்டது. கத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கத்தியதில் தெருவே எட்டிப் பார்த்தது. மேனேஜரோ குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். குரல் தாழ்ந்தவர் பக்கம்தான் நியாயம் இருப்பதுபோல் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் பார்த்தவர்களுக்கு, ஒரு சண்டைக்காரி ஒரு சாதுவை ஏசுவதுபோல் ஆகிவிட்டது.

நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் முதலில் கேட்ட கேள்வி, "கடிச்சுதா?" என்பதுதான்.

"கடிக்கல. தள்ளி விட்டுடுச்சு."

"கடிச்சா வாங்க."

"அதுக்குள்ள என் வீட்டுக்காரர் காலே இறுகிப் போயிடும், பரவாயில்லையா?" என்று மேஜையைத் தட்டினாள். அவர் தம்ளரை நகர்த்தி வைத்துக்கொண்டு, பக்கத்து அறையைக் காட்டினார். பக்கத்து அறைக்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

இதெல்லாம் போகட்டும். உச்சம் இனிமேல்தான். அவள் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, புதிதாக ஒருவர் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். ஆபீஸ் காரும் டிரைவரும் இருந்தவரை ஸ்டியரிங் பக்கமே போகாத ஆள். இப்போது சொந்தமாகக் கார் வாங்கப் போகிறாராம்.

"உங்ககிட்டதான் கத்துக்கணும்னு கேட்டு வாங்கினாரு. பக்கத்து வீட்டுக்காரங்க, கொஞ்சம் அக்கறையாச் சொல்லித் தருவாங்கன்னாரு," என்றார் முதலாளி.

பிரேக்கக்கா திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார். நடந்த எதுவும் அவர் வரையில் நடக்கவே இல்லை. சிலருக்கு மனசாட்சி உறுத்துவதில்லை என்பார்கள். இவருக்கு உறுத்தலைப் பற்றிய சேதியே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு மாணவரையும் திருப்பி அனுப்பியதில்லை என்ற வீம்பு ஒன்றும் அவளிடம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை எடுத்தாள்.

அவருக்கு ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தாள். கோணலாகச் சொல்லித்தர அவளுக்கு வராது. கிளட்சை மெதுவாக விடச் சொன்னாள், கண்ணாடியைப் பார்க்கச் சொன்னாள், முன்னால் போகிறவன் என்ன செய்வான் என்று முன்கூட்டியே யோசிக்கச் சொன்னாள். "தெருவுல போறவங்க எல்லாரும் நம்ம பொறுப்பு சார்," என்று அவள் சொன்னபோது, "ரொம்பச் சரி மேடம், ரொம்பச் சரி," என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்சம் கை பழகியதும் ஒரு நாள், வீடு வரைக்கும் தானே ஓட்டிப் போவதாக மேனேஜர் ஆசைப்பட்டார். அவர்கள் தெருவுக்குள் கார் திரும்பியது. மெக்கானிக் வழக்கம்போல் வாசற்படிக்கு உள்ளே நாற்காலியில் இருந்தார். மேனேஜர் வீட்டு கேட் வழக்கம்போல் ஆவென்று கிடந்தது. எஜமானின் வாசனையோ குரலோ, எது எட்டியதோ தெரியாது, குட்டி வாலைச் சுழற்றிக்கொண்டு நேரே காரை நோக்கிப் பாய்ந்து வந்தது.

மேனேஜர் "ஐயோ குட்டி!" என்று அலறினார். அலறியபடியே பிரேக்கை மிதிப்பதாக நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். புதியவர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான். கார் உறுமிக்கொண்டு முன்னால் எகிறியது.

பிரேக்கக்காவின் கால் அவளைக் கேட்காமலே இறங்கியது. கார் தெருவைத் தேய்த்துக்கொண்டு நின்றது. எதிரே ஒன்றையும் காணவில்லை. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கணம் கழித்து பம்பருக்குக் கீழிருந்து குட்டியின் தலை எழுந்தது. அது பானெட்டை நக்க ஆரம்பித்தது.

மேனேஜர் கண்ணைத் திறந்து பார்த்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"பயப்படாதீங்க சார்," என்றாள் பிரேக்கக்கா. "கார் ஒண்ணும் பண்ணாது. சும்மா விளையாடும்."

"என்ன மேடம் பேசுறீங்க! உயிர் போயிருக்கும்!"

"இதையேதானே சார் நானும் உங்க வாசல்ல நின்னு கத்தினேன்?"

அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினார். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டார், காலைத் தடவிப் பார்த்தார், அணைத்தபடி உள்ளே இழுத்துப் போனார். பிறகு வெளியே வந்து கேட்டைச் சாத்தினார். தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. ஒரு கல்லை எடுத்து ஓங்கி ஓங்கித் தட்டித்தான் அதைப் போட முடிந்தது.

அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் பிரேக்கக்காவுக்கு நெஞ்சில் விழுந்தது. மூடத் தெரியாத மனிதர் இல்லை. மூட முடியாத கேட்டும் இல்லை. ஒரு மனிதன் விழுந்தபோது அசையாத தாழ்ப்பாள், நாய்க்கு ஆபத்து என்றதும் அசைகிறது! இவ்வளவு நாள் கத்தியவளுக்கு இப்போது கத்தத் தோன்றவில்லை.

"அந்தத் தாழ்ப்பாள் அன்னைக்கும் அங்கதான் சார் இருந்துது," என்றாள்.

மேனேஜர் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். அதைக் கீழே போடக்கூட அவருக்குத் தெரியவில்லை.

"எனக்கு வேணாம் மேடம்," என்றார் கடைசியில். "கார், லைசென்ஸ் எதுவும் வேணாம். இனிமே நான் ஓட்டல."

"ஏறுங்க."

"இன்னொரு நாள்..."

"இன்னொரு நாள்னா வரவே மாட்டீங்க. பயந்த இடத்துலேயே இன்னைக்கே திரும்ப ஓட்டணும். கல்லைப் போட்டுட்டு ஏறுங்க சார்."

அவள்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தக் குரலை மீற முடியாது. மேனேஜர் ஏறினார். வியர்த்து ஊற்ற, தெருமுனை வரை போய்த் திரும்பி, தன் வீட்டு வாசலைத் தானே ஓட்டிக் கடந்தார். "பிரேக்குல இருந்து காலை எடுங்க. வண்டி போகும்," என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டி போயிற்று.

கார் நின்று அவள் இறங்கியபோது, வீட்டுக்காரர் நாற்காலியில் இல்லை. வாசற்படிக்கு வெளியே, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அந்த ஆளுக்கு மட்டும் இன்னைக்கே ஓட்டணும்னு சொல்ற. நான் விழுந்த அன்னைக்கு எனக்கு ஏன்டி சொல்லல?"

பிரேக்கக்காவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் அவருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், தலையணை வைத்தாள், படுங்கள் படுங்கள் என்றாள், படுக்கவைத்துவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குச் சண்டைக்குப் போனாள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னதை இவருக்குச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. மறுபடி விழுந்துவிட்டால் என்ற பயம் அவளுடையது.

"உங்களைத் தூக்கிட்டு வந்ததைப் பாத்ததும் எனக்கு ஒண்ணும் ஓடலைங்க," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"நானும் உன் சண்டை ஜெயிச்சதும் நடக்கலாம்னு உக்காந்துட்டேன். போதும். டீ குடிக்கணும், வா."

அவர் படி இறங்கினார். வாக்கர் முன்னே, கால் பின்னே. அவள் தொடாமல், ஆனால் தொடும் தூரத்தில் பின்னாலேயே போனாள். மேனேஜர் இன்னும் காரின் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர்கள் நெருங்கியதும், "சார், குட்டி ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவர், மிச்சத்தை விழுங்கிவிட்டு ஒதுங்கி வழி விட்டார்.

கேட்டின் அருகே வந்ததும் குட்டி கம்பிகளின் மேல் கால் தூக்கிப் போட்டு, உரக்கக் குரைத்தது. மெக்கானிக் நின்றுவிட்டார். வாக்கரைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. பின்னால் பிரேக்கக்காவின் கால் தரையை ஓங்கி மிதித்தது. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"பிரேக்குல இருந்து காலை எடுடி," என்றார். "வண்டி போகும்."