நுனி வெட்டி வளர்த்த வெள்ளரி

போன மழைக்காலத்தில் என் வீட்டுப் பின்பக்கம் குளமாகிவிட்டது. ஈப்போவில் நானே சம்பாதித்துக் கட்டிய வீடு — இந்தப் பத்திரிகையில் முன்பே எழுதியிருக்கிறேன், மறந்தவர்களுக்காக இன்னொரு முறை. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி லெட்சுமியின் வெள்ளரிக்கொடிதான் அடியில் அழுகிவிட்டது.

வெள்ளரிதானே என்பீர்களா? செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து விதை எடுத்து, விதை போட்டு அவள் காப்பாற்றி வரும் ஜாதி. துளி கசப்பு கிடையாது. சேர்த்து வைத்த விதையை இந்த முறை எலி தின்றுவிட்டது. கொடியில் இருந்த பிஞ்சு எதுவும் முற்றவில்லை. இருந்தது அந்த ஒரே கொடி.

"இது போனா அவ்வளவுதாங்க. மார்க்கெட்டுல விக்கிறதெல்லாம் வெள்ளரியா?" என்றாள்.

நான் எதற்கு இருக்கிறேன்? படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதில் என் கையை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. ஒரு வெள்ளரிக்கொடியா என்னை மிரட்டும்? அடிதானே அழுகியிருக்கிறது... மேலே பச்சையாகத்தானே இருக்கிறது. வெட்டி நட்டால் தீர்ந்தது.

பழைய கூட்டாளி முனியாண்டியை வரச் சொன்னேன். அந்தக் காலத்தில் நான் ஒட்டு வைக்க வைக்க, பின்னாலேயே நாடா சுற்றி வந்தவன்.

கத்தியைத் தீட்டினோம். தடித்த தண்டாகப் பார்த்துச் சாய்வாக வெட்டினோம். வெட்டியதையெல்லாம் சுவரில் சாய்த்துவிட்டு, கையில் துணியோடு உட்கார்ந்தோம்.

ரப்பரில் அதுதான் முதல் பாடம். வெட்டிய இடத்தில் பால் வடிந்து நிற்க வேண்டும். துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அவசரப்பட்டால் ஒட்டாது.

"நின்னுருச்சாண்ணே?"

"பொறுடா. இன்னும் வடியவே ஆரம்பிக்கல."

கோப்பி வந்தது. குடித்தோம். வெயிலும் வந்தது.

லெட்சுமி படியில் நின்று பார்த்தாள். "ரெண்டு பேரும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

"பால் நிக்கணும் அண்ணி" என்றான் முனியாண்டி.

"வெள்ளரியில ஏது தம்பி பால்?"

முனியாண்டி என்னைப் பார்த்தான். நான் கத்தியைப் பார்த்தேன். தண்டுகள் அதற்குள் வெந்த கீரைபோலத் துவண்டு கிடந்தன.

கொடியில் மிச்சமிருந்தவை நாலைந்து நுனிகள்தான். "குடுங்க இங்க" என்று கத்தியை வாங்கிக்கொண்டாள். இளசாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே ஒரே வெட்டு. மேலே ஒன்றிரண்டு இலையை மட்டும் விட்டுவிட்டு சுருள், பூ, பிஞ்சு எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டாள்.

"ஐயோ, பிஞ்சைப் போயி..." என்றேன்.

"காய்க்கிறதா, வேர் விடுறதா? அது ஒரு வேலைதான் பாக்கும். உங்கள மாதிரியா, லாரியும் ஓட்டிக்கிட்டு பத்திரிகையிலயும் எழுத?"

கோப்பி கிளாஸில் கணு முங்கும் அளவுக்குத் தண்ணீர். அவள் சமைக்கும் குசினி ஜன்னலோரம், வெயில் நேராகப் படாத இடம். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினாள். இரண்டு நுனி அழுகிவிட்டன. நான் குசினிப் பக்கமே போகவில்லை — அந்தச் சமயம் பார்த்து லாரி வேலை அதிகம்.

ஒரு காலையில் கூப்பிட்டுக் காட்டினாள். மிச்ச நுனிகளில், கணுவிலிருந்து வெள்ளை வேர்... நூல் நூலாக.

மேடு கட்டி நட்டாள். இப்போது கொடி பந்தலில் ஏறிவிட்டது. முதல் காயை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம். விதைக்காக மஞ்சளாகப் பழுத்துத் தொங்குகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி வந்து பந்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"வெட்டி வச்சு வெள்ளரி வந்து நான் பாத்ததே இல்லலா! எப்படி அண்ணி?"

"எல்லாம் உங்க அண்ணன் புண்ணியம் தம்பி. வேர் விடுற வரைக்கும் கிட்டயே வரலல்ல?"

பாராட்டு எந்த உருவத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்வது என் வழக்கம்.